ஊமை மணியும் உப்புக்காத்தும்

டம்பெல் என்ற வார்த்தையை அப்படியே தமிழாக்கினால் "ஊமை மணி" என்று வரும். சிரிக்காதீங்க, நிஜம்தான். இங்கிலாந்தில் சர்ச் மணி அடிக்கிறவங்க கயிறு பிடிச்சு இழுக்கிற வேலை நல்ல உடற்பயிற்சின்னு ஒரு காலத்தில் கண்டுபிடிச்சாங்க. வீட்டுக்குள்ளே அதே மாதிரி கயிறு, உருளை எல்லாம் வச்சு, மணியை மட்டும் விட்டுட்டு ஒரு சாதனம் செஞ்சாங்க. சத்தம் வராத மணி. அதான் ஊமை மணி. 1711ல் ஜோசப் அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் இதை இழுத்துப் பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில் இன்னொண்ணும் சொல்கிறார். இரண்டு சின்னக் குச்சிகள், ரெண்டு பக்கமும் ஈயம் அடைச்சது, கைக்கொண்ணா பிடிச்சு வீசுவது. நாம இப்போ டம்பெல் என்று சொல்வது அந்தக் குச்சிக்குத்தான் சொந்தக்காரன். பேரு மட்டும் மணியிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இதுக்கு 'ஆல்தேர்' என்பார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்த வார்த்தை. பழைய கிரேக்கர்கள் நீளம் தாண்டும்போது ரெண்டு கையிலும் கல்லையோ ஈயத்தையோ பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். அந்த எடைக்குப் பெயர் ஹால்தேரஸ். கை பிடிக்கக் குடைவு வச்சுச் செஞ்ச கல் இன்னைக்கும் மியூசியங்களில் இருக்கு. ஒலிம்பியாவில் 143 கிலோ எடையுள்ள ஒரு கல் கிடைத்தது. பைபோன் என்பவன் இதை ஒரு கையால் தலைக்கு மேல் எறிந்தான் என்று அதில் வெட்டியிருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல். பைபோன் நெசமாவே தூக்கினானா, இல்லை கல்லு வெட்டினவன் கொஞ்சம் சேர்த்துவிட்டானா என்பது பைபோனுக்கே வெளிச்சம். ஆனா கல் 2500 வருஷம் தாண்டி அப்படியே இருக்கு பாருங்க, என் கவலை அதைப் பத்தித்தான்.

ஏன் இந்த ஆராய்ச்சி என்றால், அக்கா பையன் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கான். "மாமா, நாலாயிரத்துக்குள்ள நல்லா உழைக்கிற டம்பெல் ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டான். வேற ஊராக இருந்தால் கடைக்குப் போய் கண்ணுக்குப் பிடிச்சதை வாங்கிட்டு வந்துடலாம். எங்க ஊர் பிள்ளைச்சாவடி. ஒரு பக்கம் இ.சி.ஆர். ரோடு, இன்னொரு பக்கம் கடல். 1984ல் ஆரம்பித்த பொறியியல் கல்லூரி (2020ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயிட்டது) இருக்கிற ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். இங்கே கதவுக் கீல், சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு, ஃபேன் கூண்டு எல்லாத்துக்கும் ஆயுசு பாதி. டம்பெல் மட்டும் விதிவிலக்கா?

உப்புக்காத்து இரும்பை என்ன செய்யும் என்பதைச் சரியா புரிஞ்சுக்கணும். தண்ணி பட்டால்தான் துரு என்று நினைக்கிறோம். கடலோரத்தில் தண்ணி படவே வேண்டாம். காத்தில் வருகிற உப்புத்தூள் இரும்பு மேலே உட்காரும். அந்த உப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் இருக்கு. அது காத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி தானே கரைஞ்சு போகிற சாதி. நமக்கு வறண்ட காத்து மாதிரி தெரிகிற நாளில்கூட அந்த உப்புப் படலம் ஈரமாகவே இருக்கும். ஆக, வீட்டுக்குள்ளே ஃபேனுக்கு அடியில் வச்ச இரும்பும் நனைஞ்ச இரும்புதான். போதாததுக்கு, வர்ற துரு இரும்பைக் காப்பாத்தாது. செம்பில் பச்சை பூத்தால் அது ஒரு போர்வை மாதிரி நிக்கும். இரும்புத்துரு பொருபொருன்னு உதிரும், அடியில் இருக்கிறதும் துருப்பிடிக்கும்.

நம்பிக்கை இல்லாதவங்க புதுச்சேரி பீச்சுக்குப் போய்ப் பார்க்கலாம். காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் பழைய பாலத்தின் கால்கள் மொட்டை மொட்டையா நிக்கும். பிரெஞ்சுக்காரன் 19ஆம் நூற்றாண்டில் கட்டின இரும்புப் பாலம், 1952 புயலில் போனது. அதுக்கப்புறம் தெற்கே காங்கிரீட்டில் புதுப் பாலம் வந்தது, 1960களின் தொடக்கத்தில். அதுவும் 2022 மார்ச்சில் கடல் கொந்தளிப்பில் ஒரு பகுதி விழுந்துவிட்டது.

சரி, நம்ம ஆளுங்க என்ன தூக்கினாங்க?

தெற்கே மதுரை, நெல்லைப் பக்கம் இளவட்டக்கல். உருண்டையான, வழுவழுன்னு பிடி கிடைக்காத கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால்தான் பொண்ணு கொடுப்பாங்க என்பது பழைய பேச்சு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னும் போட்டி நடக்குது, பெண்களும் தூக்குறாங்க. சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை. கனமான மரத்தைக் கடைஞ்சு, எண்ணெய் பூசிப் பூசிக் கறுப்பாகிப் போன கட்டை. அதைச் சுத்துற முறைகள் எத்தனையோ இருக்கு. தோள் எலும்பு சுழலுகிற பாதையிலேயே பாரம் போகிற மாதிரி அமைஞ்ச பயிற்சி அது. நேரா மேலே கீழே தூக்குகிற டம்பெல்லில் இது கிடைக்காது.

இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதைப் பார்த்துட்டு ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. 1834ல் டொனால்ட் வாக்கர் லண்டனில் போட்ட உடற்பயிற்சிப் புத்தகத்தில் 'இந்தியன் கிளப்' வந்தாச்சு. அங்கிருந்து அமெரிக்கா. 1904லும் 1932லும் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டி! நம்ம கர்லாக்கட்டைக்கு ஒலிம்பிக் மெடல் கொடுத்திருக்காங்க, வாங்கினவங்க பூரா அமெரிக்காக்காரங்க. நாம அந்த நேரத்தில் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம் என்றால், அங்கிருந்து வந்த இரும்பு டம்பெல்லை ஆச்சரியமா பார்த்துக்கிட்டு இருந்தோம் :-)

அந்த ஆச்சரியத்தைக் கொண்டு வந்தவர் யூஜின் சாண்டோ. ஜெர்மன்காரர், 1867ல் பிறந்தவர். மேடையில் மாவு பூசிக்கிட்டு கிரேக்கச் சிலை மாதிரி நிற்பார். 1901ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்தின உடற்கட்டுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தவர் ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதின கோனன் டாயில். 1904-05ல் சாண்டோ இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். தபாலில் பாடம், தபாலில் டம்பெல் என்று பெரிய வியாபாரம். அவர் வித்த டம்பெல் வித்தியாசமானது. நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்திருக்கும், நடுவில் ஸ்ப்ரிங். பிடிச்சு அழுத்திக்கிட்டே பயிற்சி செய்யணும். தபாலில் அனுப்பணும் என்றால் எடை குறைவா இருக்கணும், அதுக்கு ஸ்ப்ரிங் நல்ல வழி. வியாபார மூளை! ஆனா கடலோரத்தில் அந்த ஸ்ப்ரிங் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

சாண்டோ 1925ல் செத்துப்போனார், பேரு தமிழ்நாட்டில் தங்கிப்போச்சு. பலசாலி என்றாலே சாண்டோ. கை இல்லாத பனியனுக்கு சாண்டோ பனியன். கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய்க்கிட்டு, வீரமாருதி தேகப்பயிற்சி சாலை என்று நடத்தின ஒரு இளைஞர் 'சாண்டோ' சின்னப்பா தேவர் ஆனார். 1956ல் எம்.ஜி.ஆரை வச்சு 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தார், பிறகு வரிசையா யானை, பாம்பு, மாடு எல்லாம் நடிச்ச படங்கள். தேவர் படங்களின் சண்டைக் காட்சிகளில் ஒரு நெசமான கனம் இருக்கும், அது தேகப்பயிற்சி சாலையிலிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி.

கோயம்புத்தூர் என்பது தற்செயல் இல்லை. மில் வந்த ஊர், மில்லுக்கு உதிரிபாகம் வார்க்க ஃபவுண்டரி வந்த ஊர். மோட்டார் பம்ப் வார்க்கிற இடத்தில் எடைக்குண்டு வார்க்கிறது பெரிய வித்தையா? வார்ப்பிரும்பு மலிவு, அச்சில் ஊத்தினால் போதும். அமெரிக்காவில் ஆலன் கால்வர்ட் 1902ல் பிலடெல்பியாவில் மைலோ கம்பெனி ஆரம்பிச்சு, எடை கூட்டிக் குறைக்கிற பார்பெல்லை வித்தார். அதுக்கு முன்னால் இருந்தது உருண்டைக் குண்டு, உள்ளே மணலையோ ஈயச் சன்னத்தையோ போட்டு எடை கூட்டுவாங்க. அப்புறம் தட்டுத்தட்டா கழட்டி மாட்டுகிற முறை உலகம் பூரா பரவினது. நம்ம பழைய சாலைகளில் கிடக்கிற தட்டுகளில் எடை ராத்தலில் இருக்கும். ஒரு ராத்தல் 454 கிராம் சுமார். 1958லிருந்து படிப்படியா கிலோ வந்தும், இரும்பு மாறலை, ராத்தல் தட்டே ஓடிக்கிட்டு இருந்தது. இந்தியாவில் விளையாட்டுச் சாமான் என்றால் ஜலந்தர், மீரட். 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் அங்கே குடியேறி வளர்த்த தொழில். கடல் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஊர்கள். அங்கே பூசுகிற பெயின்ட் அங்கத்திய காத்துக்குப் பூசினது.

புதுச்சேரியில் உடற்பயிற்சிக்கு இன்னொரு வழியும் இருந்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் 1940களில் பிரணாப் குமார் பட்டாச்சார்யா பொறுப்பில் தேகப்பயிற்சி பெரிசா ஆரம்பிச்சது. 1949ல் அதுக்கென்றே ஒரு காலாண்டிதழ் வந்தது. ஆன்மீக ஆசிரமத்திலிருந்து உடற்பயிற்சிப் பத்திரிகை! அரவிந்தரே அதில் எழுதினார். ஆனா இதெல்லாம் டவுனுக்குள்ளே. மீனவ கிராமங்களில் தனியா பயிற்சி தேவைப்படலை. கரைவலை இழுத்தவங்க முதுகைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கட்டுமரத்தை மணலில் தள்ளி ஏத்தி இறக்கின தோளுக்கு டம்பெல் எதுக்கு? ஃபைபர் போட்டும் என்ஜினும் வந்து, பசங்க படிப்பு, கம்பெனி வேலை, போலீஸ் செலக்‌ஷன் என்று போன பிறகுதான் எங்க தெருவில் டம்பெல் வந்தது.

முதலில் வந்தது கடையிலிருந்து இல்லை. பெயின்ட் டப்பா. ரெண்டு காலி டப்பா, நடுவில் ஒரு இரும்பு பைப், சிமெண்ட் கரைச்சு ஊத்தி நாலு நாள் காய வச்சா டம்பெல் ரெடி. தமிழ்நாட்டில் எந்த கிராமத்து மொட்டைமாடியிலும் ஒண்ணு கிடக்கும். இதில் எங்க ஊர் விசேஷம், மணல் காசு கொடுத்து வாங்க வேண்டாம், வாசலில் கிடக்கு. கடல் மணலை அள்ளி ஊத்தினாங்க. வினையே அதுதான். சிமெண்ட் உள்ளே இருக்கிற இரும்பைச் சாதாரணமா துரு தொடாது, சிமெண்டின் காரத்தன்மை அதைக் காப்பாத்தும். மணலோடு உப்பு உள்ளே போயிட்டால் அந்தக் காவல் போச்சு. இரும்பு துருவாகும்போது ரெண்டு மடங்குக்கு மேல் உப்பும். உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி சிமெண்டைப் பிளக்கும். கடலோர வீடுகளில் சன்ஷேட் கம்பி வெளியே வர்றது இதனால்தான். எங்க தெருவில் அப்படி ஊத்தின ஒண்ணு மூணாவது வருஷம், ஒரு பையன் தூக்கிக்கிட்டு இருக்கும்போதே பாதி கழண்டு விழுந்தது. கட்டை விரல் நொறுங்கிப் போய் ஆறு வாரம் கட்டு. மேலே தூக்கியிருந்த நேரம் என்றால் தலை. அக்கா அதைப் பார்த்தவள். அதனால்தான் பையனுக்கு நாலாயிரம் கொடுத்தாள், அது அவள் சீட்டு எடுத்த காசு. சும்மா 'இது நல்லா இருக்கும்'ன்னு சொல்லிட்டுப் போக முடியலை.

கடைக்குப் போனோம். மினுமினுன்னு குரோம் பூசினது முதலில் கண்ணைப் பறிக்கும். பையனும் அதைத்தான் தொட்டான். குரோம் துருப்பிடிக்காது, உண்மை. ஆனா பூச்சு ரொம்ப மெல்லிசு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். கடலோரத்தில் அந்த ஓட்டை வழியா உப்பு உள்ளே போய் அடியில் துரு பிடிக்கும், அப்புறம் பூச்சு பிளேடு மாதிரி உரிஞ்சு வரும். கைப்பிடியில் அப்படி உரிஞ்சா உள்ளங்கை கிழியும். வெறும் பெயின்ட் அடிச்ச வார்ப்பிரும்பு எவ்வளவோ மேல். பெயின்ட் போனால் நாமே சுரண்டிட்டு அடிச்சுக்கலாம். வார்ப்பிரும்பில் ஒண்ணு மட்டும் கவனம், அது உடையும். சாதாரண வார்ப்பிரும்பில் 2லிருந்து 4 சதவீதம் கரி இருக்கு, அது உள்ளே இலை இலையா நிக்கும். சிமெண்டுத் தரையில் உயரத்திலிருந்து போட்டால் அந்த இலை வழியா விரிசல் ஓடும். தூக்கிப் போடாமல் இறக்கி வைக்கிற ஆளுக்கு அது காலத்துக்கும் வரும்.

பிளாஸ்டிக் உறை போட்டது மலிவு, கலர் கலரா இருக்கும். உள்ளே சிமெண்ட் கலவை. சிமெண்டை விட இரும்பு மூணு மடங்கு கனம், அதனால் இதே எடைக்கு டம்பெல் மூணு மடங்கு குண்டா இருக்கும். பத்து கிலோவே தொடையில் இடிக்கும். உறை வெயிலில் வெடிக்கும். நாலு கிலோ வரைக்கும் வீட்டில் பெண்கள், வயசானவங்க பயிற்சிக்கு அது போதும், தப்பில்லை. பையனுக்கு ஆகாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பத்தி பையன் கேட்டான். கடலோரத்தில் சாதாரண 304 ரகமே டீக்கறை மாதிரி பழுப்பு வாங்கும். 316 தாங்கும், விலை கேட்டால் நாம தாங்க மாட்டோம்.

ரப்பர் உறை போட்ட ஆறு பட்டை டம்பெல், அதான் எங்க ஊருக்கு என் ஓட்டு. தலை பூரா ரப்பர், இரும்புக்குக் காத்துப்படாது. உருளாது, தரை உடையாது. பார்க்க வேண்டியது மூணு இடம். தலையும் கைப்பிடியும் சேருகிற இடம், அங்கே இடைவெளி இருந்தால் உப்பு உள்ளே போகும், துரு வெளியே தெரியாமல் உள்ளேயே நடக்கும். கையில் பிடிச்சு முறுக்கிப் பார்த்தால் தலை அசையவே கூடாது. அப்புறம் நாத்தம். பழைய டயரை அரைச்சு ஊத்தின ரப்பர் என்றால் கடையே நாறும், நம்ம வீட்டு ஒத்த ரூமுக்கு அது ஆகாது. கைப்பிடி எப்படியும் குரோமாத்தான் வரும், அதுக்கு வைத்தியம் கீழே சொல்றேன்.

ஆனா ஒரு சிக்கல். ஒரு ஜோடி ஒரே எடைதான். வளருகிற பையனுக்கு அஞ்சு, ஏழரை, பத்து, பன்னிரண்டரை என்று வேணும். நாலு ஜோடிக்கு நாலாயிரம் எந்த மூலைக்கு? அப்போதான் கடைக்காரர் ஒரே டம்பெல்லில் டயல் திருகி எடை மாத்துகிற ரகத்தைக் காட்டினார். அழகான சாமான், பட்ஜெட்டுக்கு மேலே. நான் அப்பவே வேண்டாம்னுட்டேன், காரணம் விலை மட்டும் இல்லை. 2025 ஜூனில் அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் கம்பெனியின் இந்த மாதிரி டம்பெல் சுமார் 38 லட்சம் திரும்ப வாங்கப்பட்டது. தூக்கும்போது தட்டு கழண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் காயம். உள்ளே இருக்கிறது சின்னச் சின்ன கொக்கியும் தகடும். துருவே பிடிக்காத ஊரில் அந்தக் கதி. உப்புக்காத்தில் அந்தக் கொக்கி நாலு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும் என்று திறந்து பார்க்கவும் வழியில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தேயுற சாமான்தான் எனக்கு வேணும்.

அதனால் கடைசியில் வந்து நின்னது சாலைக்காரர்கள் காலத்து ஏற்பாட்டில்தான். தட்டு, தண்டு, திருகு நட்டு. வார்ப்பிரும்புத் தட்டு, ரப்பர் பூசினது, மொத்தம் இருபது கிலோ. ரெண்டு தண்டு. இதில் உயிர் இருக்கிறது தட்டில் இல்லை, மரையில். வெட்டு ஆழமா இருக்கணும், நட்டு கையால் சுலபமா ஓடி, கடைசியில் இறுகி நிக்கணும். நட்டுக்கு உள்ளே ரப்பர் வாஷர் இருக்கணும், இல்லைன்னா பயிற்சி நடுவில் தானே தளரும். கடையில் ஏழெட்டு தண்டை ஓட்டிப் பார்த்து ரெண்டு எடுத்தோம். கடைக்காரர் முறைச்சார். முறைக்கட்டும்.

எடையையும் நம்ப வேண்டாம் என்று பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒவ்வொரு தட்டா போட்டோம். அஞ்சு கிலோ என்று எழுதியிருந்த ரெண்டு தட்டில் ஒண்ணு 4.6, இன்னொண்ணு 5.1. மணலச்சில் ஊத்தி மேலே கடையாமல் விட்டால் அப்படித்தான் வரும். அரைக் கிலோ வித்தியாசத்தில் வலது கையும் இடது கையும் வருஷக்கணக்கா தூக்கினால் நல்லதா? திரும்பப் போய் மாத்தி, 4.9ம் 5ம் வாங்கினோம். கடைக்காரர் இந்த தடவை முறைக்கவில்லை, சிரிச்சுட்டார். மொத்தம் 3,650 ரூபாய். மிச்சம் 350 அக்கா கிட்ட திரும்பப் போச்சு.

வைத்தியத்துக்கு வர்றேன். பயிற்சி முடிஞ்சதும் நல்ல தண்ணியில் நனைச்ச துணியால் துடைக்கணும். வேர்வையும் உப்பு, காத்தும் உப்பு, வெறும் துணியால் துடைச்சா உப்பைத் தேய்ச்சுப் பரப்பின மாதிரிதான் ஆகும். அப்புறம் காஞ்ச துணி. வாரம் ஒரு தடவை மரையிலும் கைப்பிடியிலும் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு தடவி, பிசுக்கு போகத் துடைச்சு விடணும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். ரப்பரில் மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது, ஊறிப்போகும். தரையில் நேரா வைக்காமல் மரப்பலகை மேலே. கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே வைக்கவே கூடாது. பயிற்சிக்கு உட்காரும் முன்னால் ரெண்டு நட்டையும் இறுக்கிப் பார்க்கிறது அக்காவே போட்ட சட்டம். தினமும் பக்கத்தில் நின்னு பார்க்கிறாள்.

எங்க மீன்காரங்க இரும்பை எப்பவுமே நம்பினதில்லை என்பது இதெல்லாம் எழுதும்போதுதான் உறைக்குது. வலையில் கட்டுறது ஈயக்குண்டு. அதுக்கு முந்தி கல். அடிசனின் குச்சியில் அடைச்ச அதே ஈயம். ஈயம் விஷம், தினம் கையில் பிடிச்சுத் தூக்குற சாமானுக்கு ஆகாது, இல்லைன்னா அதுதான் கடலோரத்துக்கு முதல் டம்பெல். கல்லுக்கு விஷமும் இல்லை, துருவும் இல்லை. இப்போ கடற்கரையில் கல்லுக்கும் பஞ்சமில்லை. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கட்டினதிலிருந்து, வடக்கே போக வேண்டிய மணல் தெற்கேயே நின்னுபோச்சு. வடக்கே ஒவ்வொரு ஊரா கடல் தின்னுக்கிட்டு வந்து, எங்க ஊர் வீடுகளையும் எடுத்தாச்சு. தடுக்கிறதுக்கு லாரி லாரியா கருங்கல் கொட்டுறாங்க.

கொசுறு: பழைய ராத்தல் தட்டு எங்கேயாவது பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீங்க. மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வச்சு, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேலே எனாமல் ரெண்டு கோட்டு. துளை அளவு மட்டும் உங்க தண்டுக்குச் சேருதான்னு தண்டைக் கையோடு எடுத்துட்டுப் போய்ப் பார்த்துக்குங்க. இரும்பு விலைக்கே கொடுத்துடுவாங்க.